காற்று வீசியது சரி, களத்தில் நெல்லைப் போட்டது யார்?

நடுவர் ஐயா அவர்களுக்கும், என் அணித் தோழர்களுக்கும், எதிரணியில் இன்னும் புன்னகையோடு உட்கார்ந்திருக்கும் அன்பர்களுக்கும், கொசுக்கடியையும் பொறுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். 'உலகச் செய்தியாளர் ஒருவரை உயர்த்துவது நேரமா, தேடலா?' நாங்கள் தேடல் அணி. எதிரணித் தலைவர் சற்றுமுன் கிளேர் ஹோலிங்வொர்த் என்ற ஆங்கிலேயப் பெண்மணியைப் பற்றிப் பேசினார். "வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆகவில்லை. காற்று அடித்தது, திரை விலகியது, இரண்டாம் உலகப்போரின் செய்தி மடியில் வந்து விழுந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. எல்லாம் அந்தம்மாவின் நேரம்!" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். அழகாகச் சொன்னார், ஆனால் பாதிக் கதையைத்தான் சொன்னார். மீதியை நான் சொல்கிறேன்.

1939 ஆகஸ்ட் மாதக் கடைசி. போலந்தின் தென்மேற்கு மூலையில், ஜெர்மனி எல்லையை ஒட்டி, காட்டோவிட்சே என்று ஒரு சுரங்க நகரம். லண்டன் டெய்லி டெலிகிராஃப் அனுப்பிய புதுச் செய்தியாளராகக் கிளேர் அங்கே வந்து இறங்குகிறார். வயது 27. எல்லையை மூடிவிட்டார்கள், தூதரக வண்டிகளுக்கு மட்டும்தான் வழி. வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? ஓட்டலில் உட்கார்ந்து, "எல்லை மூடப்பட்டது" என்று நாலு வரி அனுப்பிவிட்டுக் காபி குடித்திருப்பார்கள். நானும் அதைத்தான் செய்திருப்பேன். இவர் நேராகப் பிரிட்டிஷ் துணைத்தூதர் தவைட்ஸிடம் போய், "உங்கள் காரைக் கொஞ்சம் கொடுங்கள்" என்று கேட்கிறார். காரில் பிரிட்டிஷ் கொடி பறக்கிறது. ஜெர்மன் காவலர்கள் கொடியைப் பார்த்துத் திகைக்கிறார்கள், ஆனால் விட்டுவிடுகிறார்கள். உள்ளே போய் ஒயின், டார்ச் விளக்கு என்று கடைச்சாமான் வாங்குகிறார். வரும் வழியில் கிளைவிட்ஸ் பக்கம் படைத்தூதர்கள் மோட்டார் சைக்கிளில் ஒருவர் பின் ஒருவராகச் சீறிப் போகிறார்கள். நம் ஆட்கள் என்றால் ஒதுங்கி வழிவிட்டிருப்போம். இந்த அம்மா எண்ணியிருக்கிறார். 65 வண்டிகள்!

எண்ணினார் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நடுவர் ஐயா. திரை விலகுவதற்கு முன்னாலேயே அவருக்குப் பாதிச் செய்தி கிடைத்துவிட்டது.

அப்புறம்தான் எதிரணித் தலைவரின் காற்று வருகிறது. சாலையோரப் பள்ளத்தாக்கை மறைத்துப் பெரிய பெரிய சாக்குத்துணிகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் ஒன்று தூக்கிக்கொண்டது. கீழே வரிசை வரிசையாக டாங்கிகளும் கவச வண்டிகளும் பீரங்கிகளும். திரும்பி வந்து ஜெர்மனிக்குப் போய்வந்த கதையைச் சொன்னபோது துணைத்தூதர் முதலில் நம்பவே இல்லை. வாங்கி வந்த சாமான்களைக் கடை பரப்பிக் காட்ட வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 29 காலை டெலிகிராஃபில் செய்தி வந்தது. போலந்து எல்லையில் 1,000 டாங்கிகள் குவிப்பு, அதிரடித் தாக்குதலுக்கு 10 டிவிஷன்கள் தயார் என்று தலைப்பு. அவர் பெயர் அதில் இல்லை. 'எங்கள் நிருபர்' என்ற அளவில்தான் போட்டார்கள்.

இப்போது நம் ஊர்க் கேள்வி ஒன்று கேட்கிறேன். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்கிறோம். சரி, தூற்றுவதற்குக் களத்தில் நெல் வேண்டாமா? கதிர் அறுத்து, கட்டுக் கட்டிச் சுமந்து வந்து, அடித்துக் குவித்து வைத்தவனுக்குத்தான் காற்று பதரைப் பிரித்துக் கொடுக்கும். களத்தில் ஒன்றும் இல்லாதவன் முறத்தைத் தூக்கிக்கொண்டு நின்றால் காற்று அவன் வேட்டியைத்தான் தூக்கும்!

கிளேர் எப்போது நெல் விதைத்தார்? அதை எதிரணித் தலைவர் சொல்லவில்லை. லெஸ்டர் நகரத்துச் செருப்பு உற்பத்திக் குடும்பத்தில் 1911-ல் பிறந்தவர். பழைய போர்க்களங்களுக்குச் சின்ன வயதிலேயே அப்பா அழைத்துப் போவாராம். அம்மாவுக்குப் பத்திரிகை வேலை என்றாலே இளக்காரம். மகளை மனையியல் கல்லூரியில் சேர்த்துவிட்டார். விளைவு என்ன? வீட்டு வேலை என்றாலே வெறுப்பு, அது ஒன்றுதான் மிச்சம். (இந்த இடத்தில் சில தாய்மார்கள் தலையாட்டுவது தெரிகிறது.) பிறகு தானாகவே வழி தேடி, லண்டனில் கிழக்கு ஐரோப்பாவைப் பற்றிப் படித்தார், யூகோஸ்லாவியாவிலிருந்த ஜாக்ரெப் பல்கலைக்கழகத்துக்கும் போனார்.

அதற்கும் மேலே ஒன்று. 1939 மார்ச்சில் ஹிட்லர் படை பிராகுக்குள் நுழைந்தது. உயிர் பிழைக்க எல்லை தாண்டியவர்கள் போலந்துக்குள் குவிந்தார்கள். யூதர்கள், ஹிட்லரை எதிர்த்த அரசியல்காரர்கள், எழுத்தாளர்கள். அவர்களுக்கு பிரிட்டிஷ் விசா வாங்கிக் கொடுக்கும் வேலையில் மாதக்கணக்காக ஈடுபட்டவர் இதே கிளேர். பல ஆயிரம் பேர் தப்பிப் போனார்கள், 3,000 வரை கணக்குச் சொல்கிறார்கள். எல்லைப்பக்கம் எப்படி இருக்கும், யாரிடம் என்ன கேட்கலாம் என்பது அந்த மாதங்களில் கற்றது. டெலிகிராஃப் வேலை கொடுத்ததற்கும் இந்த அனுபவம்தான் காரணம். ஆக, 'ஒரு வாரத்துச் செய்தியாளர்' என்று எதிரணி சொல்லும்போது, விதைத்து நட்டு களை பறித்ததையெல்லாம் விட்டுவிட்டு அறுவடை நாளிலிருந்து கணக்குப் பார்க்கிறார்கள்.

செப்டம்பர் 1 விடியற்காலை காட்டோவிட்சேயில் குண்டுச் சத்தம். கிளேர் வார்சாவிலிருந்த தன் பத்திரிகையின் மூத்த நிருபர் ஹ்யூ கார்ல்டன் கிரீனைக் கூப்பிட்டுச் சொன்னார். தூதரகத்தையும் கூப்பிட்டார். தூதரக அதிகாரி, "இருக்கவே முடியாது, பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது" என்றார். இவர் வாதாடவில்லை. டெலிபோனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். டாங்கிகளே பேசின. இதில் நேரம் எங்கே வந்தது ஐயா? அன்று காலை குண்டுச் சத்தம் அந்த ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். டெலிபோனை வெளியே நீட்டத் தோன்றியது இவருக்கு.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய பேராசிரியர் அம்மா இன்னொரு வாதம் வைத்தார். "பெண் என்பதால் இரக்கப்பட்டு வழி விட்டிருப்பார்கள், அதுவும் ஒரு நல்ல நேரம்தான்" என்று. அம்மா, மன்னிக்க வேண்டும். வட ஆப்பிரிக்காவில் 1943-ல் ட்ரிபோலி பிரிட்டிஷ் படையிடம் விழுந்தபோது கிளேர் அங்கே இருந்தார். தளபதி மாண்ட்கோமரிக்குத் தன் படையோடு பெண் செய்தியாளர் இருப்பதே பிடிக்கவில்லை. கெய்ரோவுக்குத் திரும்பிப் போ என்று உத்தரவு. போரில் ஜெயிக்கும் தளபதியே எதிராக நின்றால் அது நல்ல நேரமா? நம் ஜோசியரிடம் கேட்டால் ஏழரைச் சனி என்பார். கிளேர் பரிகாரம் எதுவும் செய்யவில்லை. அல்ஜியர்ஸிலிருந்த அமெரிக்கப் படையிடம் போய்ச் சேர்ந்துகொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

புகாரெஸ்ட் கதை ஒன்று உண்டு. குடும்பத்தோடு வந்திருக்கிறீர்கள், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1940, ருமேனியா. கைது செய்ய ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். இவர் ஆடைகளைக் களைந்துவிட்டு, "இந்தக் கோலத்தில் என்னை எப்படிக் கொண்டுபோவீர்கள்?" என்று கேட்டாராம். வந்தவர்கள் விழித்துக்கொண்டு நிற்க, அதற்குள் பிரிட்டிஷ் தூதரக ஆள் வந்து சேர்ந்தார். கிளேரே பிற்பாடு சொன்ன கதை இது.

சரி, ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நடுவர் ஐயா என்னை விடமாட்டார். 1946 ஜூலையில் ஜெருசலேமின் கிங் டேவிட் ஓட்டலைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். 91 பேர் இறந்தார்கள். கிளேரும், பின்னாளில் அவர் கணவரான செய்தியாளர் ஜெஃப்ரி ஹோரும் சில நூறு அடி தள்ளி இருந்தார்கள். பிழைத்தது நேரம்தான். அதை எதிரணிக்கே கொடுத்துவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். போர்முனையில் உயிர் தங்குவது யார் கையிலும் இல்லை. ஆனால் இன்றைய தலைப்பு உயிர் பிழைப்பதைப் பற்றியது இல்லையே. அன்று அந்த ஊரில் உயிர் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். எல்லாரும் கிளேர் ஹோலிங்வொர்த் ஆகிவிடவில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நேரம் முழுக்க முழுக்கக் காலை வாரிவிட்ட ஒரு கதை. எதிரணி இதைத் தொடவே இல்லை, ஏன் என்று கேட்டால் புரியும்.

பெய்ரூட், 1963 ஜனவரி. கிளேர் அப்போது கார்டியன் என்ற பிரிட்டிஷ் பத்திரிகைக்கு எழுதுகிறார். அதே ஊரில் கிம் ஃபில்பி என்றொரு பத்திரிகையாளர் இருந்தார். பிரிட்டிஷ் உளவுத்துறையின் பழைய அதிகாரி. சோவியத்துக்கு வேலை பார்த்தவரோ என்று பல வருஷமாகவே சந்தேகம். 1955-ல் வெளியுறவு அமைச்சரே நாடாளுமன்றத்தில் அவர்மேல் குற்றம் இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த ஃபில்பி ஒருநாள் ராத்திரி விருந்துக்கு வர வேண்டியவர், வரவில்லை. விருந்துக்கு வராதவரைப் பற்றி நாம் என்ன பேசுவோம்? "வயிறு சரியில்லையோ என்னவோ" என்போம். கிளேர் துறைமுகத்தில் போய் விசாரித்தார். அதே இரவில் டோல்மட்டோவா என்ற சோவியத் கப்பல் அவசரமாகக் கிளம்பிப் போயிருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டார். ஃபில்பி ரஷ்யாவுக்கு ஓடிவிட்டார் என்று எழுதி அனுப்பினார்.

பத்திரிகை அதைப் போடவில்லை. அவதூறு வழக்கு வந்துவிடுமோ என்று பயம். ஒரு வாரம் இல்லை, இரண்டு வாரம் இல்லை, ஏறக்குறைய மூன்று மாதம் அந்தச் செய்தி மேசையிலேயே கிடந்தது. நூற்றாண்டின் பெரிய உளவுச் செய்திகளில் ஒன்று கையில் இருக்கிறது, அச்சில் ஒரு வரி இல்லை. கெட்ட நேரம் என்றால் இதுதான் கெட்ட நேரம். ஆனால் துறைமுகத்தில் விசாரித்தது பொய்யாகிவிடுமா? ஏப்ரல் கடைசியில் செய்தி வெளியானது. ஜூலையில் பிரிட்டிஷ் அரசே ஃபில்பியைப் பற்றி நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதே 1963-ல் கார்டியன் கிளேரைத் தன் பாதுகாப்புத்துறைச் செய்தியாளராக நியமித்தது. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். எதிரணி நண்பர்களே, இந்தக் கதையில் எந்தக் காற்று எந்தத் திரையைத் தூக்கியது? காட்டுங்கள்.

அல்ஜீரியாவை விட்டுவிட்டால் என் அணித் தலைவர் கோபித்துக்கொள்வார். 1962, அல்ஜியர்ஸ். துப்பாக்கி ஆட்கள் ஓட்டலுக்குள் புகுந்து ஒரு பிரிட்டிஷ் நிருபரை இழுத்துப் போகிறார்கள். கிளேர் மற்றச் செய்தியாளர்களைப் பார்த்து, "வாருங்கள், அவரோடு நாம் எல்லாருமே போவோம்" என்று கிளம்பிவிட்டார். இத்தனை பேரைக் கடத்திக்கொண்டு போய் எங்கே வைப்பது? பிடித்தவரை விட்டுவிட்டுப் போனார்கள். அவர் போட்டிப் பத்திரிகைக்காரர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் அல்ஜீரியச் செய்திகளுக்காக அவருக்கு விருது கிடைத்தது.

நடுவர் ஐயா மணியைப் பார்க்கிறார். வியட்நாமையும், 1973-ல் டெலிகிராஃப் செய்தியாளராகப் பெய்ஜிங்கில் போய் உட்கார்ந்ததையும் என் அணித் தோழி பேசுவார். நான் கடைசிக் காலத்துக்குப் போகிறேன்.

வெளியூர் கிளம்ப என்னென்ன வேண்டும் என்று கேட்டால், டூத் பிரஷ், டைப்ரைட்டர் இரண்டும் போதும் என்பாராம். உடம்பு மெத்தைக்குப் பழகிவிடக் கூடாது என்று அவ்வப்போது தரையில் படுப்பாராம். ஓய்வுக்குப் பிறகு ஹாங்காங்கில் தங்கிவிட்டார். 1989-ல் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் ராணுவம் இறங்கியபோது, 77 வயதில், என்ன நடக்கிறது என்று பார்க்க விளக்குக் கம்பத்தில் ஏறியவர். ஹாங்காங்கிலிருந்த வெளிநாட்டுச் செய்தியாளர் மன்றத்துக்குப் போய்க்கொண்டே இருந்தார். கண்பார்வை மங்கிப்போன காலத்திலும் நடப்புகளைத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார். 2017 ஜனவரியில், 105 வயதில், காலமானார்.

நூறு வயதைத் தாண்டிய பிறகும் அவர் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு பாஸ்போர்ட் இருந்தது. பத்திரிகை கூப்பிட்டால் கிளம்புவதற்கு. எல்லாம் நேரம்தான், அது தானாக வந்து கதவைத் தட்டும் என்றால், தொண்ணூறைத் தாண்டி நூறையும் தாண்டிய பாட்டிக்கு அந்தப் பாஸ்போர்ட் எதற்கு? எனக்கு அடுத்துப் பேசப் போகிற எதிரணித் தம்பி இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். ஐயா மணி அடித்துவிட்டார், உட்கார்ந்துகொள்கிறேன். வணக்கம்.