கெட்ட செய்தி முதலில் யாரிடம் போகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஊழியர்களை நன்றாகக் கவனித்துக்கொள்கிறோம் என்று சொல்லாத நிர்வாகமே கிடையாது. பிறந்தநாளுக்குக் கேக், வருடத்துக்கு ஒரு சுற்றுலா, சுவரில் நாலு பொன்மொழி. இருந்துவிட்டுப் போகட்டும், தப்பில்லை. ஆனால் ஓர் அதிகாரியை எடைபோட நான் பார்ப்பது வேறு. அவரிடம் கெட்ட செய்தி சொல்ல ஆட்கள் பயப்படுகிறார்களா, இல்லையா?

ஒரு கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வேலை முடியாது என்று ஓர் இளைஞர் தயங்கித் தயங்கிச் சொல்கிறார். மேலாளர் கத்தவில்லை. பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, "இதை இப்பதான் சொல்றீங்களா?" என்கிறார். அவ்வளவுதான். அடுத்த மாதம் அதே அறையில் எல்லாரும் "போய்க்கிட்டிருக்கு சார்" என்பார்கள். எது எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையான, நல்ல தலைமை உள்ள குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. கணக்கோ தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன! தோண்டிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. அங்கே தவறுகளை வெளிப்படையாகப் பேசினார்கள்; மற்ற இடங்களில் மறைத்தார்கள். புகாரே வராத துறையைப் பார்த்துப் பூரிக்கும் மேலதிகாரிகள் இந்த ஆய்வை ஒருமுறை படிக்கலாம்.

தலைவர் என்பவர் முதலில் தன் ஆட்களுக்குச் சேவை செய்கிறவர் என்பதைச் 'சேவைத் தலைமை' என்பார்கள். இந்த எண்ணத்தை 1970இல் எழுதிப் பரப்பியவர் ராபர்ட் கிரீன்லீஃப். சாமியார் இல்லை, ஏடி அண்ட் டி என்ற பெரிய தொலைபேசி நிறுவனத்தில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தவர். அவர் வைத்த சோதனை கறாரானது. உங்கள் கீழே இருப்பவர்கள் வளர்கிறார்களா? முன்பைவிடச் சுதந்திரமாக, தாங்களே முடிவெடுக்கிறவர்களாக ஆகிறார்களா? இந்தச் சோதனையில் இனிக்க இனிக்கப் பேசுவதற்கு மார்க் கிடையாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற மேலாளரும் இதில் தேறமாட்டார். வேலை சரியில்லை என்றால் சரியில்லை என்று தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் வைத்திருந்து, ஆண்டு மதிப்பீட்டில் கொட்டித் தீர்ப்பதைவிடப் பெரிய அலட்சியம் ஏது?

சரி, பணமுடை வந்தால்? அப்போதுதான் சாயம் வெளுக்கும். 2009 பொருளாதார நெருக்கடியில், இயந்திரங்கள் தயாரிக்கும் பேரி-வேமில்லர் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு ஆர்டர்கள் சரிந்தன. வழக்கமாக என்ன நடக்கும்? ஆட்குறைப்புப் பட்டியல் வரும். அதன் தலைவர் பாப் சாப்மன் வேறு வழி எடுத்தார். தலைமை அதிகாரி தொடங்கி எல்லாருக்கும் நாலு வாரம் சம்பளமில்லா விடுப்பு. வசதியுள்ள சிலர், முடியாதவர்களுக்காகக் கூடுதல் வாரங்களைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். அப்படிச் செய்யுங்கள் என்று அவர்களுக்கு யாரும் உத்தரவு போடவில்லை. எல்லா நிறுவனத்துக்கும் இது ஒத்துவரும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வெட்டு தலைவரின் சம்பளத்திலும் விழுகிறது என்று தெரிந்தால், அவர் சொல்லை மக்கள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

நாளைக்கே தொடங்க வேண்டுமென்றால், உங்கள் குழுவில் ஒருவரிடம், "உங்க வேலைக்கு இடைஞ்சலா இருக்கிறதுல நான் எதை எடுத்துவிடலாம்?" என்று கேளுங்கள். முதல் தடவை "ஒண்ணுமில்ல சார்" என்றுதான் பதில் வரும். அதை நம்பிவிடாதீர்கள். அடுத்த வாரமும் கேளுங்கள். யாரும் படிக்காத ஒரு வாராந்திர அறிக்கையைப் பற்றியோ, நாலு பேரிடம் கையெழுத்து வாங்க அலைவதைப் பற்றியோ மெல்லச் சொல்வார்கள். அந்த ஒன்றை அன்றைக்கே நிறுத்திவிட்டு, அப்புறம் இன்னொருவரிடம் போங்கள்.

நன்றி, வணக்கம்.