டீ ஆற்றுகிற கையைச் சிலையில் பிடிப்பது எப்படி?

(போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் பேசியது. வர முடியாத நண்பர்கள் எழுதித் தரச் சொன்னார்கள். பேசிய மாதிரியே எழுதியிருக்கிறேன்.)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நூலகர் அம்மா அவர்களே, எட்டு மணிக்கு இன்னொரு நிகழ்ச்சி இருந்தும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, வார்டு உறுப்பினர்களே, நான் வேலையில் சேர்ந்த முதல் நாள் தன் மேசையிலிருந்து கலர் சாக்பீஸ் டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்த முன்னாள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே (ஐயா, அந்த டப்பா இன்னும் என் வீட்டில் இருக்கிறது), வாசகர் வட்டத்தின் செயலாளர், பொருளாளர், நாற்காலி தந்து உதவிய திருமண மண்டபத்தார், மைக் செட் போட்ட தம்பி, என்னிடம் படித்த பிள்ளைகளே, அவர்களின் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம். பெயர் விட்டுப்போனவர்கள் மன்னிக்க வேண்டும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, அசைவைச் சிற்பத்தில் பிடிப்பது. ஓடுவது, துள்ளுவது, திரும்பிப் பார்ப்பது, கண் சிமிட்டுவதற்குள் முடிந்துபோகிற ஒன்றை, அசையாத மண்ணிலும் கல்லிலும் எப்படி நிறுத்தி வைப்பது? மூன்று விஷயம் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று கண். இரண்டு எடை. மூன்று பொருள், அதாவது களிமண்ணா, கல்லா, உலோகமா என்பது.

அதற்கு முன்னால் ஔவையார் பெயரில் வழங்குகிற ஒரு வரி. என்னிடம் படித்தவர்கள் இப்போதே சிரிக்கிறார்கள், தெரிகிறது. சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகையின் வலது மூலையில் எழுதி வைத்த வரி அது. எல்லாரும் இந்த முதல் வரியோடு நிறுத்திவிடுகிறோம். பாட்டை முழுக்கப் படித்துப் பாருங்கள். கடைசியில் பிறவிக் குணம் என்று மூன்றைச் சொல்கிறார்: நட்பு, தயை, கொடை. சித்திரத்தை அந்தப் பட்டியலில் அவர் சேர்க்கவே இல்லை. ‘எனக்கெல்லாம் படம் வராதுங்க, அது பிறவியிலேயே வரணும்’ என்று யாராவது சொன்னால், ஔவையார் அப்படிச் சொல்லவில்லை என்று தாராளமாகச் சொல்லுங்கள்.

சரி, கண்ணுக்கு வருகிறேன். மாமல்லபுரத்துக்கு எல்லாரும் போயிருப்பீர்கள். அர்ச்சுனன் தபசு என்கிற அந்தப் பெரிய பாறை கிட்டத்தட்ட 96 அடி நீளம், 43 அடி உயரம். யானைகளைப் பார்த்திருப்பீர்கள், தவம் செய்கிற பூனையைக் கைடு காட்டியிருப்பார். அடுத்த முறை போனால் கீழே இருக்கிற மானைத் தேடிப் பாருங்கள். பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்கிற மான். அது எவ்வளவு நேரம் நடக்கிற காரியம்? ஒரு விநாடி, இரண்டு விநாடி. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேலாக அந்த மான் சொறிந்துகொண்டே இருக்கிறது. பக்கத்தில் கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கிறார்கள், பசு கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. இதைச் செதுக்கியவர் எந்த ஏட்டையும் பார்த்துச் செய்யவில்லை, தொழுவத்தில் நின்று பார்த்தவர் என்று நான் அடித்துச் சொல்லுவேன்.

அதே ஊரில் மகிஷாசுரமர்த்தினி மண்டபம். சோழர் கோயில்களின் வெளிச்சுவர் மாடத்தில் துர்க்கை எருமைத் தலைமேல் அமைதியாக நிற்பாள், சண்டை முடிந்துவிட்டது. மாமல்லபுரத்தில் சண்டை முடியவில்லை. எட்டுக் கையோடு சிங்கத்தின் மேல் தேவி வருகிறாள், வில் வளைந்திருக்கிறது. எதிரே எருமைத் தலை மகிஷன், உடம்பு பின்னால் சாய்கிறது, ஆனால் கையில் இருக்கிற கதாயுதத்தை விடவில்லை. சிற்பி எடுத்துக்கொண்டது வெட்டு விழுந்த நேரத்தை அல்ல, அதற்குக் கொஞ்சம் முந்தைய நேரத்தை. அடுத்து என்ன ஆகும் என்பதைப் பார்க்கிற நம் கண் முடித்துக்கொள்கிறது. சென்னை மெரினாவில் உழைப்பாளர் சிலையும் அப்படித்தான். சென்னை ஓவியப் பள்ளிக்கு 1929-இல் முதல் இந்தியத் தலைவராக வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் அங்கே வைத்தார்கள். நான்கு பேர் பாறையைப் பெயர்க்கிறார்கள். பாறை இன்னும் நகரவில்லை. நகர்ந்திருந்தால் நமக்கு முதுகு வலித்திருக்காது.

இப்போது ஒரு கதை சொல்கிறேன், கொஞ்சம் நீளம், தலைவர் அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. பெயர் வேண்டாம், பாதிப் பேருக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு காலையில் ஆறு மணிக்கு அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். அங்கே டீ மாஸ்டர் ஆற்றுகிறதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, இவரைச் சிலையாகச் செய்ய வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. மக் மேலே, கிளாஸ் கீழே, நடுவில் ஒரு முழத்துக்கு டீ நிற்கிறது, ஒரு சொட்டு வெளியே போகவில்லை. பதினொரு நாள் வரைந்தேன். கடையின் பில் தாள்களின் பின்பக்கம் முழுக்க அவர் கைதான். அப்புறம் வீட்டுக்குப் பின்னால் கம்பிக்கூடு கட்டி, களிமண் பூசி, இரண்டடி உயரத்துக்கு எழுப்பினேன். இரண்டு கையும் முழுசாக விரிந்த நிலை. டீக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, கம்பி ஒன்றை வளைத்து இரண்டு பாத்திரத்துக்கும் நடுவில் வைத்தேன். எட்ட நின்று பார்த்தால் யாரோ கிணற்றுக் கயிறு இழுக்கிற மாதிரி இருக்கிறது. கையை நீட்டினேன், குறைத்தேன், கம்பியை மெலிதாக்கினேன். ஒன்றும் ஆகவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் மாஸ்டரே வந்தார், கூடவே ஏழாம் வகுப்புப் படிக்கிற மகள், கையில் பிளாஸ்க். ஈரத்துணியை எடுத்துக் காட்டினேன். சுற்றி ஒரு தரம் நடந்தார். “சார், கோவிச்சுக்காதீங்க. இவரு ஆத்தல. ஊத்துறாரு” என்றார்.

எனக்குப் புரியவில்லை. ஆற்றுவதற்கும் ஊற்றுவதற்கும் என்ன வித்தியாசம், இரண்டும் மேலேயிருந்து கீழேதானே என்றேன். அவர் நான் மண் நனைக்க வைத்திருந்த தண்ணீர் மக்கை எடுத்தார், இன்னொரு கையில் பிளாஸ்க் மூடி. “ஊத்தும்போது கீழ்க்கை சும்மா ஏந்திட்டு நிக்கும் சார். ஆத்தும்போது கீழ்க்கைதான் வேலை செய்யும். மேல்கை ஏறுறதுக்கு முன்னாடியே அது கீழ கிளம்பிடும்” என்று சொல்லி மெதுவாகச் செய்து காட்டினார். இன்னொரு தடவை, இன்னொரு தடவை. அப்போதுதான் பார்த்தேன், வலது குதிகால் அரை அங்குலம் தரையை விட்டு எழும்புகிறது. இடது தோள் இறங்குகிறது. அப்புறம் அவர் கண். கண் கிளாஸைப் பார்க்கவே இல்லை. ‘சர்க்கரை கம்மி’ என்று சொன்னவர் யார் என்று வெளியே தேடுகிற கண் அது. பதினொரு நாளாக நான் வரைந்த அத்தனை தாளிலும் அவர் கிளாஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்ததால், அவரும் அங்கேதான் பார்ப்பார் என்று என் கை தானாக எழுதிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலமே மண்ணை உரித்தேன். கம்பியை வெட்டி இடது காலில் எடையைக் கொண்டுவந்தேன். இதுதான் நான் சொன்ன இரண்டாவது விஷயம். தொண்டைக்குழியிலிருந்து தூக்குக்குண்டு விட்டால், அது ஊன்றிய காலின் மேல் விழுந்தால் ஆள் நிற்கிறார். காலைத் தாண்டி வெளியே விழுந்தால் ஆள் விழப் போகிறார், இல்லையென்றால் அடுத்த அடி வைக்கப் போகிறார். அந்த வெளியே விழுகிற இரண்டு அங்குலம்தான் அசைவு. மகிஷனின் சாய்வில் இருப்பதும் அதுதான்.

கைகளுக்கு இன்னொன்று செய்தேன். பிரான்ஸ் நாட்டுச் சிற்பி ரோதான், 1878-இல் தொடங்கிய திருமுழுக்கு யோவான் சிலையில் செய்தது. அந்த மனிதர் நடக்கிறார், ஆனால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படிந்திருக்கும். நடக்கிறவனுக்கு அப்படி இருக்காது, நீங்களே எழுந்து நடந்து பாருங்கள். பின்கால் ஒரு கணத்தில் இருக்கிறது, முன்கால் அதற்கு அடுத்த கணத்தில் இருக்கிறது. பார்க்கிறவர் கண் பின்னாலிருந்து முன்னால் போகும்போது நடை நடந்துவிடுகிறது. அதே 1878-இல்தான் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பவர் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி ஓடுகிற குதிரையைப் படம் எடுத்தார். நான்கு காலும் காற்றில் இருக்கிற நேரம் உண்மையிலேயே உண்டு, ஆனால் ஓவியர்கள் வரைந்த மாதிரி கால்கள் விரிந்திருக்கும்போது இல்லை, வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கும்போது என்று அது காட்டிக்கொடுத்தது. ரோதான் அதைக் கண்டு மிரளவில்லை. கேமரா காலத்தை அறுத்து நிறுத்துகிறது, நிஜத்தில் காலம் நிற்பதில்லையே என்றார். எனக்கு அவர் கட்சிதான். மாஸ்டரின் மேல்கையை ஒரு கணத்தில் வைத்தேன், கீழ்க்கையை அதற்கு அடுத்த கணத்தில் வைத்தேன். நடுவில் இருந்த கம்பியைப் பிடுங்கிப் போட்டேன். இதுவரை பார்க்க வந்த ஒருவர்கூட டீ எங்கே என்று கேட்கவில்லை.

நமக்கு இது புதிதும் இல்லை. நடராசர் செப்புத் திருமேனியில் முகம் எவ்வளவு அமைதி, ஆனால் சடை இரண்டு பக்கமும் விரிந்து பறக்கிறது. முகம் ஒரு நேரத்தில் இருக்கிறது, சடை வேறு நேரத்தில் இருக்கிறது. சுவாமிமலையில் இன்றைக்கும் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் மெழுகில்தான் உருவம் பிடிக்கிறார்கள், மேலே காவிரி வண்டல் பூசுகிறார்கள், அப்புறம் மெழுகை உருக்கி வடித்துவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மெழுகு விரல் சூட்டுக்கு வளைந்து கொடுக்கிற பொருள், அந்தச் சடைக்கு அதுவும் ஒரு காரணம். பொருளைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். ஆனால் மாஸ்டரின் மகளை விட்டுவிட்டேன், அவளைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

அப்பா செய்து காட்டிக்கொண்டிருந்தபோது அவள் ஒரு கிழிந்த சிமெண்ட் பைத் தாளில் கரித்துண்டால் என்னவோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். வாங்கிப் பார்த்தேன். ஐந்து கோடு, ஆறு கோடு இருக்கும். முகமே போடவில்லை. ஆனால் கீழ்க்கை இறங்கிவிட்டது, மேல்கை இப்போதுதான் கிளம்புகிறது. எனக்குப் பதினொரு நாளில் வராதது. யாரம்மா சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். “யாரும் இல்ல தாத்தா. தினமும் பாக்குறேன்ல.” ஸ்கூல்ல டிராயிங் பீரியட் இல்லையா? “இருக்கு. அத மேத்ஸ் சார் எடுத்துக்குவாரு.”

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன், கணக்கு ஆசிரியரையும் குறை சொல்ல மாட்டேன். அவருக்குப் பாடம் முடிக்க வேண்டும், அங்கே ஓவிய ஆசிரியர் இல்லை, பீரியட் சும்மா கிடக்கிறது. 2009-இன் கட்டாயக் கல்விச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வகுப்பு வரை, நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஓவியத்துக்கு ஒரு பகுதிநேரப் பயிற்றுநர் என்கிறது. சட்டமே பகுதிநேரம் என்றுதான் எழுதியிருக்கிறது. நம் மாநிலத்தில் 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி எல்லாம் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள், அன்றைக்கு மாதம் 5,000 ரூபாய். அதற்கு அப்புறம் தொகை கூடியிருக்கிறது. பகுதிநேரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் எந்தக் கை பழகும்? சித்திரமும் கைப்பழக்கம் என்றால் பழக்கத்துக்கு நேரம் வேண்டுமே. கண் அவளுக்கு வந்துவிட்டது, டீக்கடை கொடுத்தது. கைக்குத்தான் நாம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஓவியம் கற்றால் எல்லாரும் சிற்பி ஆக வேண்டியதில்லை. பேருந்தில் முன்சீட்டில் இருக்கிறவர் எழப் போகிறார் என்பது அவர் தோளில் தெரியும். நோயாளி வலியில் நடக்கிறாரா பயத்தில் நடக்கிறாரா என்பது குதிகாலில் தெரியும். மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கல்லூரி 1957 முதல் இருக்கிறது, அங்கே சேர வருகிற பிள்ளை பதினேழு வயதில்தான் முதன்முதலாகப் பென்சிலை ஒழுங்காகப் பிடித்தால் இழந்த பத்து வருஷத்தை யார் திருப்பித் தருவது? பேரூராட்சித் தலைவர் அவர்களிடம் நான் கேட்பது இதுதான். நம் ஊரில் உள்ள பள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுநேர ஓவிய ஆசிரியர் வேண்டும் என்று மன்றத்தில் ஒரு தீர்மானம். நியமனம் உங்கள் கையில் இல்லை, தெரியும். தீர்மானம் உங்கள் கையில் இருக்கிறது. முன்னாள் தலைமையாசிரியர் ஐயா முதல் கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டிருக்கிறார், அவருக்கு என் நன்றி.

மனு வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. முதல் பக்கத்தில் அந்தப் பெண்ணின் படத்தை, அவள் அப்பாவிடம் கேட்டுக்கொண்டு, நகல் எடுத்து ஒட்டியிருக்கிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தக் கீழ்க்கையை ஒரு தடவை பாருங்கள். பேனா இரண்டு வைத்திருக்கிறேன். சிலையைப் பார்க்க விரும்புகிறவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வரலாம், மண் இன்னும் ஈரம், கை வைக்காமல் பாருங்கள். வணக்கம்.