படிக்கத் தெரிந்த மொழியில் ஒப்புதல் கேளுங்கள்

(நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, நூலகர் அவர்களே, எனக்கு முன்பு உரையாற்றிய ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து திரளாக வந்திருக்கும் சகோதரிகளே, கல்லூரி மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். மற்றொரு நிகழ்ச்சிக்குச் செல்ல வேண்டியிருந்தும் என் உரை முடியும்வரை அமர்ந்திருப்பதாகச் சட்டமன்ற உறுப்பினர் அவர்கள் சொல்லியிருக்கிறார். அவர் முன்னால் வைக்க வேண்டிய கோரிக்கை ஒன்று என்னிடம் இருக்கிறது என்பதால் அவருக்கு இரட்டிப்பு நன்றி. பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் வழங்கும் இந்த வட்டத்தின் நல்வழக்கத்தையும் பாராட்டிவிட்டுத் தொடங்குகிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு "இணையத்தில் நம் அந்தரங்கமும் சுதந்திரமும்". இதில் மூன்று செய்திகளைச் சொல்ல நினைக்கிறேன். முதலாவது அரசின் கண்காணிப்பு, இரண்டாவது இணைய முடக்கம், மூன்றாவது நம்மைப் பற்றிய விவரங்களை வணிக நிறுவனங்கள் திரட்டும் விதம். சிறுவர்களின் கைப்பேசிப் பயன்பாடு குறித்தும் பேசச் சொன்னார்கள். நேரம் இருந்தால் அதையும் தொடுகிறேன்.

கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி அவர்கள், எண்பது வயதைக் கடந்த பிறகு, 2012ஆம் ஆண்டில் ஆதார் திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தின் படியேறினார். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே இல்லை என்று மத்திய அரசின் தரப்பில் வாதிடப்பட்டது. 1954இல் எட்டு நீதிபதிகளும் 1962இல் ஆறு நீதிபதிகளும் வழங்கிய பழைய தீர்ப்புகள் அந்த வாதத்துக்குத் துணையாக நின்றன. ஆகவே ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு கூடி, 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அரசமைப்புச் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை என்று ஒருமித்த குரலில் தீர்ப்பளித்தது. வயது முதிர்ந்த ஒருவரின் பிடிவாதம் நூற்று முப்பது கோடிப் பேருக்கு உரிமை பெற்றுத் தந்தது என்பதை இங்கே வந்திருக்கும் மூத்தவர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

தீர்ப்பு வந்த பிறகாவது கண்காணிப்பு குறைந்ததா? 2021 ஜூலையில் பெகாசஸ் என்னும் உளவு மென்பொருள் பற்றிய செய்தி வெளியானபோது, பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள், எதிர்க்கட்சித் தலைவர்கள் பலரின் எண்கள், உளவுக்குக் குறிவைக்கப்பட்டிருக்கலாம் என்று சொல்லப்பட்ட பட்டியலில் இருந்தன. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 கைப்பேசிகளை ஆராய்ந்து ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்ததாகக் கண்டது. அது பெகாசஸ்தான் என்று உறுதிசெய்ய முடியவில்லை. விசாரணைக்கு மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொல்லியிருப்பதைத் தலைமை நீதிபதியே 2022 ஆகஸ்டில் திறந்த நீதிமன்றத்தில் தெரிவித்தார். வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்று நம் முன்னோர் சொன்னது இதற்குத்தான் பொருந்தும். நான் எந்த மேடை ஏறினாலும் இந்தப் பழமொழியைச் சொல்வேன். இன்னும் சொல்ல வேண்டிய நிலைதான் நாட்டில் இருக்கிறது. ஆறுதலான செய்தியும் உண்டு. பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்புக்கான தேவையோ இல்லாமல் தொலைபேசியை ஒட்டுக் கேட்பது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்து, ஒரு லஞ்ச வழக்கில் பிறப்பிக்கப்பட்ட ஒட்டுக் கேட்பு ஆணையை ரத்து செய்தது. நீதிபதி ஐயா அவர்கள் இதைப் பற்றி என்னைவிட நன்றாக விளக்கியிருப்பார்கள்.

இரண்டாவது, இணைய முடக்கம். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் உயிரிழந்தார்கள். மறுநாள் தூத்துக்குடியில் மட்டுமின்றித் திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் இணையம் நிறுத்தப்பட்டது. பிள்ளையைக் காணோம் என்று மருத்துவமனை வாசலில் நின்றவர்களுக்கும் அன்றைக்கு இணையம் இல்லை. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் தொடங்கிய முடக்கம் படிப்படியாகத் தளர்ந்து, 2021 பிப்ரவரியில்தான் முழு வேக இணையம் திரும்பியது. இடையில் 2020 ஜனவரி 10 அன்று, காஷ்மீர் டைம்ஸ் ஆசிரியர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில், காலவரையின்றி இணையத்தை முடக்கக் கூடாது, முடக்கும் ஆணையை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இதை விரித்துப் பேசினால் பொழுது போதாது. நான் வந்த காரியம் மூன்றாவது செய்தியில் இருக்கிறது.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தின் வெளியே பூக்கட்டி விற்கும் ஓர் அம்மா இருக்கிறார். ஊரும் பேரும் வேண்டாம். அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறேன். மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டக் கடைசி நாள். கையில் ஐயாயிரம் குறைகிறது. பக்கத்துப் பழக்கடைப் பையன், "அக்கா, போன்லயே கடன் தர்றாங்க, பத்து நிமிஷத்துல வந்துடும்" என்று சொல்லி, அவருடைய கைப்பேசியில் ஒரு கடன் செயலியை இறக்கிக் கொடுத்தான். திரையில் ஆங்கிலத்தில் ஏதேதோ கேட்டது. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பச்சைப் பொத்தான். பையன் அழுத்தச் சொன்னான், இவர் அழுத்தினார். அந்தப் பொத்தான்கள் மூலம் அவர் எதை எதை எழுதிக் கொடுத்தார் தெரியுமா? கைப்பேசியில் உள்ள அத்தனை தொடர்பு எண்களையும், அத்தனை படங்களையும், இருக்கும் இடத்தையும்! கேட்டது ஐயாயிரம், பிடித்தம் போக வந்தது மூவாயிரத்துச் சொச்சம், ஏழு நாளில் திருப்ப வேண்டியது முழு ஐயாயிரம்.

ஆறாம் நாள் காலையிலேயே அழைப்பு வரத் தொடங்கியது. மாலை விற்பனை முடிந்ததும் கட்டுகிறேன் என்று கெஞ்சியிருக்கிறார். எதிர்முனையில் பேசியவன் பேசிய பேச்சை இந்தச் சபையில் சொல்ல முடியாது. மறுநாள் அந்த அம்மாவின் படத்தை ஆபாசமாக மாற்றி, "இவள் பணம் தின்ற திருடி" என்ற வரியோடு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். யாருக்கெல்லாம்? மகளின் மாமியாருக்கு. கோயில் குருக்களுக்கு. மகன் படித்த பள்ளியின் ஆசிரியைக்கு. சுயஉதவிக் குழுத் தலைவிக்கு. நாள்தோறும் கடனுக்குப் பூ கொடுக்கும் மொத்த வியாபாரிக்கு. வாழ்நாளெல்லாம் சேர்த்த மரியாதையை ஒரு காலைப் பொழுதில் தெருவில் போட்டார்கள். அவர் கடைக்கு வரவில்லை. வீட்டுக் கதவையும் திறக்கவில்லை.

அப்போது அந்தக் குழுத் தலைவி ஒரு காரியம் செய்தார். குழுவிலிருந்த பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டி, வெளியே அழைத்து வந்து, அவரைப் பூக்கடையில் உட்காரவைத்துவிட்டுத் தாங்களும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகாரைப் பதிவு செய்தார்கள். மொத்த வியாபாரிக்கு மறுபடியும் அழைப்பு வந்தபோது, அவர் ஒலிபெருக்கியைப் போட்டுச் சந்தையே கேட்கும்படி ஒன்று சொன்னார்: "தம்பி, அந்தம்மா இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு ரூபாய் பாக்கி வச்சதில்ல. நீ யாரு, உன் பேரு என்ன, உங்க ஆபீசு எங்க, அதச் சொல்லு முதல்ல." இணைப்பு துண்டிக்கப்பட்டது, அதன் பிறகு அந்த எண்ணிலிருந்து அவருக்கு அழைப்பே வரவில்லை.

எல்லா ஊரிலும் இப்படி ஒரு குழுத் தலைவியும் வியாபாரியும் இருக்க மாட்டார்கள் என்பதால்தான் சட்டம் வேண்டியிருக்கிறது. ரிசர்வ் வங்கியின் பணிக்குழு 2021இல் ஆராய்ந்தபோது, இந்தியாவில் கிடைத்த சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை என்று கண்டது. கடன் செயலிகள் தொடர்பு எண்களையோ கோப்புகளையோ அழைப்பு விவரங்களையோ தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் நெறிமுறை வகுத்தது. கடனின் முக்கிய விவரங்களைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும் என்று 2024இல் ஆணையிட்டது. பொத்தானை அழுத்துகிறவருக்கு என்ன அழுத்துகிறோம் என்று தெரிந்திருந்தால் பாதித் தீமை வாசலிலேயே நின்றுவிடும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

இப்போது 2023ஆம் ஆண்டின் தனிநபர் எண்ணிமத் (டிஜிட்டல்) தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வருகிறேன். அதன் 5ஆம் பிரிவும் 6ஆம் பிரிவும், நம் விவரங்களைக் கேட்கிறவர் அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கின்றன. அந்த 22 மொழிகளில் தமிழும் ஒன்று. ஆக, தமிழில் கேட்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது! ஆனால் "வாய்ப்பு" தந்தால் போதும் என்பதால், ஆங்கிலத்தை முகப்பில் வைத்துத் தமிழை ஏதோ ஒரு மூலையில் பொடி எழுத்து இணைப்புக்குள் வைத்துவிடலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கு அந்த அறிவிப்பை வாசித்துக் காட்ட வேண்டும் என்றும் அதில் இல்லை. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, நிறுவனங்களுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது. ஒப்புதல் பற்றிய பிரிவுகள் 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும்போது என்ன வடிவத்தில் வருகின்றன என்பது, அதற்குள் நாம் எவ்வளவு உரக்கக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இந்தச் சட்டத்தின் மீது எனக்கு வருத்தமும் உண்டு. 7ஆம் பிரிவின்படி மானியம், உதவித்தொகை போன்றவற்றுக்காக அரசு ஒப்புதல் கேட்காமலே நம் விவரங்களைப் பயன்படுத்தலாம். 17ஆம் பிரிவின்படி மத்திய அரசு, தான் விரும்பும் அரசு அமைப்புக்கு இந்தச் சட்டத்திலிருந்தே விலக்கு அளிக்கலாம். தனிநபர் விவரத்தையும் பொதுநலன் கருதி வெளியிடலாம் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவில் இருந்த சொற்களையும் இதே சட்டம் நீக்கிவிட்டது. காவலுக்குப் போட்ட சட்டத்திலேயே இத்தனை திறப்புகள் என்றால், மறுபடியும் வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. இவை ஒவ்வொன்றையும் எதிர்த்துப் போராட வேண்டும். என் சக்திக்கு நான் ஒப்புதல் மொழியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, உங்கள் முன் வைக்கும் விண்ணப்பம் இதுதான். தமிழ்நாட்டில் விற்கப்படும் சேவை எதுவானாலும், கைப்பேசி தமிழில் இயங்கினால் ஒப்புதல் அறிவிப்பு முதலில் தமிழில் தோன்ற வேண்டும். அதே திரையில் ஒலி வடிவிலும் கேட்கும் வசதி வேண்டும். மறுக்கும் பொத்தான், ஏற்கும் பொத்தானின் அதே அளவிலும் அதே இடத்திலும் இருக்க வேண்டும். மத்திய அமைச்சகம் இதை விதியாக்கும்வரை காத்திராமல், மாநில அரசின் இணையதளங்களும் செயலிகளும், கூட்டுறவு வங்கிகளும் இதை முதலில் நடைமுறைப்படுத்த வேண்டும். சட்டமன்றத்தில் கேள்வி நேரத்தில் இதை எழுப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்கள், வரி கட்டும் மையங்களில் கைப்பேசி எண்ணும் ஆதார் எண்ணும் எதற்குக் கேட்கிறோம் என்று தமிழில் பலகை வைக்க ஆவன செய்தால் அதுவே நல்ல தொடக்கமாகும்.

சிறுவர்களைப் பற்றிப் பேச நேரமில்லை. அதற்கு இந்த வட்டம் தனியே ஒரு கூட்டம் நடத்த வேண்டும். விண்ணப்பத்தின் படிகள் வாசலில் நூலகரின் மேசை மீது இருக்கின்றன. கையெழுத்துப் போடுமுன் முழுவதையும் படியுங்கள். படிக்க இயலாதவர்களுக்குக் கல்லூரி மாணவர்கள் உரக்க வாசித்துக் காட்டுவார்கள். பெயரும் ஊரும் எழுதினால் போதும், கைப்பேசி எண் தேவையில்லை. நன்றி, வணக்கம்.