நெறி கரைந்த பிறகும்

கோவை வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

கழுத்தில் நெறி, அதாவது நிணநீர் முடிச்சு வீங்கிக் கட்டினால் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவது நம் பக்கத்து வழக்கம். தொண்டைப் புண்ணாலோ சொத்தைப் பல்லாலோ கட்டும் நெறி பெரும்பாலும் தொட்டால் வலிக்கும்; ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். வலியே இல்லாமல், ரப்பரைப் போல் கையில் அகப்பட்டு, மூன்று நான்கு வாரங்கள் கடந்தும் வளர்ந்துகொண்டிருக்கும் நெறிக்குப் பற்றுப் போட்டுக் காத்திருக்கக் கூடாது; அது நிணநீர்ப் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

சோமனூரில் விசைத்தறி ஓட்டும் என் தம்பிக்கு அப்படித்தான் கட்டியது. மாலைக் காய்ச்சலும், பாய் நனையும் அளவுக்கு இரவு வியர்வையும், எடைக் குறைவும் இருந்ததால் காசநோய் என்று எண்ணி மருந்து கொடுத்தார்கள். நான்கு மாதங்கள் போயின. காசநோய்க்கும் இந்தப் புற்றுநோய்க்கும் அறிகுறிகள் அவ்வளவு ஒத்திருக்கின்றன. ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பதில் விடை தெளிவாகாவிட்டால், ஒரு நெறியை முழுதாக அறுத்தெடுத்துத் திசுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அப்படிச் செய்த பிறகுதான் தம்பிக்கு வந்திருப்பது ஹாட்ஜ்கின் வகை நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது.

அந்த வகைக்கு நான்கு மருந்துகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரத்தக் குழாயில் ஏற்றுவது பல காலமாகக் கைகண்ட முறை, பெரும்பாலோர் குணமடைகிறார்கள். மற்ற வகைகளில் வேகமாக வளரும் பலவற்றுக்கு, ரிட்டுக்சிமாப் என்ற மருந்தையும் சேர்த்து 21 நாளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஆறு முறை கொடுக்கிறார்கள். மெதுவாக வளரும் சில வகைகளில், தொந்தரவு இல்லாதவரை மருந்தே கொடுக்காமல் கண்காணித்து வருவதும் முறையான மருத்துவந்தான். கைவிட்டுவிட்டார்கள் என்று குடும்பத்தார் கலங்க வேண்டியதில்லை.

தம்பிக்கு 12 முறை ஏற்ற வேண்டும் என்றார்கள். மூன்றாவது முறைக்குள்ளேயே நெறி கரைந்து, கழுத்து பழையபடி ஆகிவிட்டது. தறிக்குத் திரும்புகிறேன் என்று அவர் கிளம்பியதுதான் நாங்கள் கண்ட பெரிய ஆபத்து. கண்ணுக்குத் தெரியும் கட்டி போனாலும் உள்ளே நோயணுக்கள் மிஞ்சியிருக்கும்; இடையில் விட்டால் திரும்பி வரும்போது அடக்குவது கடினம். இதை மருத்துவர் சொல்லியும் அவர் கேட்கவில்லை. கூலி நின்றுபோன வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! உடன் வேலை செய்த நால்வர் அவருடைய ஷிப்டை முறைவைத்து ஓட்டி, அந்தக் கூலியை வீட்டில் கொடுத்த பிறகே அவர் மீண்டும் மருத்துவமனைக்கு வந்தார். பக்கத்து வீட்டு அண்ணன் விடிகாலை ஐந்து மணிக்கு வண்டி எடுத்தார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கான வருமானச் சான்றுக்கு, கிராம நிர்வாக அலுவலரிடம் அலைந்தவரும் ஓர் ஊர்க்காரரே.

நலம் விசாரிக்க வருவோரிடம் ஒன்று சொல்ல வேண்டும். மருந்து ஏற்றிய அடுத்த இரண்டு வாரங்களில், நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும். இந்தப் புற்றுநோய் ஒட்டுவாரொட்டி நோய் அன்று. அவருக்குத் தனித் தம்ளர் வைத்து மனத்தை நோகடிக்க வேண்டாம். ஆனால் நம் சளியும் இருமலும் அவருக்கு ஒட்டும். அந்த நாட்களில் பழப்பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, போனில் பேசுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நடு இரவானாலும் விடியட்டும் என்று இருக்காமல், வீட்டிலேயே மாத்திரை போட்டுப் பார்க்காமல், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எங்கள் வீதியில் வண்டி வைத்திருந்த மூவரின் எண்களைத் தம்பியின் மனைவி காலண்டர் அட்டையில் எழுதி மாட்டியிருந்தார். இரண்டு இரவுகள் அந்த எண்களை அழைக்க நேர்ந்தது. இரண்டு முறையும் முதல் அழைப்பிலேயே எடுத்தார்கள்.