பால்டிக் வானத்தின் காவல்

அவையோருக்கு வணக்கம். ஐரோப்பாவின் இராணுவக் கூட்டணிகள், நவீனப் போர் விமானங்கள், ரஷ்யாவுடனான பதற்றம் என்று எனக்குத் தரப்பட்டிருக்கும் பொருள் மிகப் பெரியது என்பதால், பால்டிக் கடலுக்கு மேலிருக்கும் வானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறேன். மற்றவை தேவைப்பட்ட இடத்தில் தாமே வந்து சேரும்.

2025 செப்டம்பர் 19 அன்று ரஷ்யாவின் மூன்று மிக்-31 போர் விமானங்கள், பின்லாந்து வளைகுடாவில் வைண்ட்லோ என்னும் சிறு தீவுக்கு அருகே தன் வான்வெளிக்குள் நுழைந்து 12 நிமிடங்கள் பறந்ததாக எஸ்தோனியா அறிவித்தது. அவை பயணத் திட்டம் எதையும் தெரிவித்திருக்கவில்லை. தம்மை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியை அணைத்து வைத்திருந்தன. தரைக்கட்டுப்பாட்டு நிலையத்தோடும் பேசவில்லை. எஸ்தோனியாவின் அமாரி தளத்திலிருந்து இத்தாலிய விமானப்படையின் எஃப்-35 விமானங்கள் எழும்பிச் சென்று அவற்றை எதிர்கொண்டன. தன் விமானங்கள் நடுநிலைக் கடற்பரப்பின் மேல்தான், பால்டிக் கரையிலுள்ள தன் பகுதியான கலினின்கிராட்டுக்குச் சென்றன என்று ரஷ்யா மறுத்தது.

இந்தச் செய்தியில் என் கவனத்தை இழுத்தது மிக்-31 அன்று. எஸ்தோனியாவின் வானத்தைக் காக்க இத்தாலியர் ஏன் எழும்பினார்கள் என்பதுதான். எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா ஆகிய மூன்று நாடுகளும் 2004 மார்ச்சில் நேட்டோ என்னும் இராணுவக் கூட்டணியில் சேர்ந்தபோது அவற்றிடம் வான்காவலுக்கான போர் விமானங்கள் இல்லை, இன்றும் இல்லை. எனவே அவை சேர்ந்தவுடனேயே பெல்ஜியத்தின் எஃப்-16 விமானங்கள் லித்துவேனியாவின் ஷாவ்லே தளத்துக்கு வந்து இறங்கின. அன்று தொடங்கிய பால்டிக் வான்காவல் பணி, பெரும்பாலும் நான்கு மாதங்களுக்கு ஒருமுறை நாடு மாறி நாடாக, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இடைவெளியின்றி நடந்து வருகிறது. 2014இல் ரஷ்யா கிரைமியாவைக் கைப்பற்றிய பின் அமாரி தளமும் இதில் சேர்க்கப்பட்டது. ஜெர்மனியின் ஊடெம் நகரில் உள்ள கட்டுப்பாட்டு மையத்திலிருந்து உத்தரவு வந்தால், விமானி சில நிமிடங்களுக்குள் வானில் இருக்க வேண்டும்.

உறுப்பு நாடு ஒன்றின் மீதான தாக்குதல் அனைவர் மீதான தாக்குதலாகக் கருதப்படும் என்று சொல்லும், நேட்டோ ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவைப் பற்றி நாம் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். 1949இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தில் அப்பிரிவு இதுவரை ஒரே ஒரு முறைதான், 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவுக்காக, நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. ஆனால் ஒரு கூட்டணி உயிரோடு இருக்கிறதா என்பதைக் காட்டுவது, என் மதிப்பில், அந்தப் பெரிய வாக்குறுதியைவிட ஷாவ்லேயில் நாள்தோறும் நடக்கும் இந்தச் சலிப்பூட்டும் காவல்தான்.

இந்தக் காவலில் உண்மையில் நடப்பது என்ன? வரைபடத்தைப் பார்த்தால் விளங்கும். போலந்துக்கும் லித்துவேனியாவுக்கும் நடுவே, ரஷ்யப் பெருநிலத்திலிருந்து துண்டுபட்டுக் கிடக்கிறது கலினின்கிராட். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கமிருந்து அங்கே பறக்க வேண்டிய ரஷ்ய இராணுவ விமானம், நேட்டோ நாடுகளைத் தவிர்க்க வேண்டுமானால், பின்லாந்து வளைகுடாவின் நடுவே, எஸ்தோனியாவும் பின்லாந்தும் தம் கடல் எல்லைகளைச் சுருக்கிக்கொண்டு விட்டுவைத்திருக்கும் குறுகிய பன்னாட்டுக் கடல்வழியின் மேல்தான் செல்ல வேண்டும். அப்படிச் செல்வது முற்றிலும் சட்டபூர்வமானது. டிரான்ஸ்பாண்டரை அணைத்துவிட்டு வருவதால்தான் சிக்கல். பயணிகள் விமானங்களுக்கு அது ஆபத்து, அருகிலுள்ள நாட்டுக்கோ சந்தேகம். நள்ளிரவில் விளக்கின்றித் தெருவில் நடந்து போகிறவர் யாரென்று திண்ணையிலிருந்து எழுந்து பார்ப்பதற்கு ஒப்பானது இந்த இடைமறிப்பு. அருகே பறந்து, வகையையும் எண்ணையும் குறித்து, படமெடுத்து, சிறிது தூரம் உடன்சென்று திரும்புவார்கள். 2023இல் மட்டும் ஐரோப்பிய வானில் நேட்டோ விமானங்கள் 300 முறைக்கு மேல் இவ்வாறு எழும்பின. அவற்றில் பெரும்பாலானவை பால்டிக் கடலின் மேல் நடந்தவை, மிகப் பெரும்பாலானவற்றில் எல்லை மீறலே இல்லை. நாளிதழ்த் தலைப்புகள் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகின்றன. (அங்கே அடிக்கடி எதிர்ப்படும் ரஷ்ய விமானங்களில் ஒன்றான சுகோய்-30, நம் தஞ்சாவூர் தளத்தில் இருப்பதன் குடும்பத்தைச் சேர்ந்ததே.)

ஆனாலும் இது விளையாட்டன்று. 2018 ஆகஸ்டில் எஸ்தோனியாவின் மேல் பயிற்சியிலிருந்த ஸ்பெயின் நாட்டு யூரோஃபைட்டர் ஒன்றிலிருந்து ஓர் ஏவுகணை தவறுதலாகப் பாய்ந்தது. எவரும் காயமடையவில்லை, ஏவுகணை தேடியும் கிடைக்கவில்லை. 2022 செப்டம்பரில் கருங்கடலின் மேல் பிரிட்டனின் உளவு விமானம் ஒன்றின் அருகே ரஷ்ய சுகோய்-27 ஓர் ஏவுகணையை விடுத்தது. அதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று ரஷ்யா விளக்க, பிரிட்டனும் அவ்வாறே ஏற்றுக்கொண்டு நாடாளுமன்றத்தில் அறிவித்தது. 2015 நவம்பரில் சிரிய எல்லையில் துருக்கி ஒரு ரஷ்ய சுகோய்-24ஐச் சுட்டே வீழ்த்தியது. அந்த விமானம் துருக்கிய வானில் இருந்தது 17 விநாடிகள் என்பது துருக்கியின் சொந்தக் கணக்கு. 17 விநாடிக்குச் சுட்டவர்களும் உண்டு, 12 நிமிடத்துக்கும் சுடாதவர்களும் உண்டு. இரு தரப்பும் ஒரே கூட்டணிதான்.

துருக்கியின் பெயர் வந்ததால் விமானங்களின் பக்கம் திரும்புகிறேன். அதே துருக்கி சில ஆண்டுகளில் ரஷ்யாவிடமிருந்தே எஸ்-400 வான்தடுப்பு ஏவுகணைகளை வாங்கியது. 2019 ஜூலையில் அவை வந்திறங்கத் தொடங்கிய சில நாள்களில் அமெரிக்கா துருக்கியைத் தன் எஃப்-35 போர் விமானத் திட்டத்திலிருந்து வெளியேற்றியது. ரேடாரில் எளிதில் சிக்காத ஒரு விமானத்தின் இரகசியத்தை, அதே விமானத்தைத் தேடுவதற்காக உருவான ரேடார் கண்டுகொள்ளும் என்பது அமெரிக்காவின் அச்சம். எஸ்-400, சுகோய், ரஃபேல் மூன்றையும் ஒரே விமானப்படையில் வைத்திருக்கும் இந்தியாவுக்கு இத்தகைய நிபந்தனை இல்லாமற்போனது, அது எந்தக் கூட்டணியிலும் சேராததால்தான்.

எஃப்-35ஐ வாங்குவது ஒரு பொருளை வாங்கும் செயலன்று, நீண்டகால உறவொன்றில் நுழைவது. அதன் மென்பொருள் மேம்பாடுகள் அமெரிக்காவிலிருந்து வருகின்றன. எதிரியின் ரேடார்களை அடையாளம் காணும் தரவுத் தொகுப்புகளில் பெரும்பகுதி புளோரிடாவின் எக்ளின் விமானப்படைத் தளத்தில் தயாராகின்றன. 2025 மார்ச்சில் உக்ரைனுக்கான உளவுத் தகவலை அமெரிக்கா சில நாள்கள் நிறுத்தி வைத்தபோது, தம் விமானங்களையும் வாஷிங்டன் முடக்கிவிடுமோ என்ற கேள்வி ஐரோப்பாவில் எழுந்தது. முடக்கும் பொத்தான் எதுவும் இல்லை என்று அமெரிக்கத் தரப்பு மறுத்தது. அதை நான் நம்புகிறேன். ஆனால் உதிரிப் பாகமும் புதுத் தரவும் வராத எஃப்-35 மெல்ல மெல்லச் செயலிழக்கும் என்பதால், பொத்தானைப் பற்றிய கேள்வியே தவறான கேள்வி.

மாற்று இல்லையா என்றால், உண்டு. 1980களில் ஐரோப்பிய நாடுகளின் கூட்டுப் போர் விமான முயற்சியிலிருந்து பிரான்ஸ் பிரிந்து தனியே ரஃபேலைச் செய்தது. பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் சேர்ந்து யூரோஃபைட்டரைச் செய்தன. சுவீடன் தன் கிரிப்பனைச் செய்தது. ஆக, ஒரே தலைமுறையில் மூன்று விமானங்கள். அடுத்த தலைமுறைக்கும் பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின் ஒருபுறம் என்றும், பிரிட்டன், இத்தாலி, ஜப்பான் மறுபுறம் என்றும் பிளவு தொடர்கிறது. பிரெஞ்சுத் திட்டத்தில் டசோ, ஏர்பஸ் ஆகிய விமான நிறுவனங்கள் யார் தலைமை என்று வெளிப்படையாகவே மோதிக்கொண்டிருக்கின்றன. ஜெர்மனி 35, போலந்து 32, பின்லாந்து 64 என எஃப்-35களை வாங்க முடிவெடுத்ததற்கு இந்தக் குடும்பச் சண்டையும் ஒரு காரணம்.

பின்லாந்தும் சுவீடனும் நேட்டோவில் சேர்ந்த பிறகு பால்டிக் கடலின் கணக்கே மாறிவிட்டது. 1952 ஜூனில் உளவுப் பணியிலிருந்த சுவீடனின் டிசி-3 விமானத்தையும், அதைத் தேடிச் சென்ற கட்டலினா விமானத்தையும் சோவியத் போர் விமானங்கள் வீழ்த்தின. அப்போதும் சுவீடன் நேட்டோவில் சேரவில்லை. அது அசைந்தது 2022இல் உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பிறகே. பின்லாந்து 2023 ஏப்ரல் 4 அன்றும், சுவீடன் 2024 மார்ச் 7 அன்றும் உறுப்பினராயின. வைண்ட்லோ நிகழ்வன்று இத்தாலியரோடு இவ்விரு நாடுகளின் விமானங்களும் எழும்பியதற்குப் பின்னணி இதுதான்.

இறுதியாக, இந்தக் காவல் முறை தடுமாறும் இடத்துக்கு வருகிறேன். மிக்-31 நிகழ்வுக்குப் பத்து நாள்களுக்கு முன், செப்டம்பர் 9 நள்ளிரவிலிருந்து 10 காலை வரை, ஏறத்தாழ இருபது ரஷ்ய ட்ரோன்கள் போலந்துக்குள் புகுந்தன. வார்சா உட்பட நான்கு விமான நிலையங்கள் மூடப்பட்டன. போலந்தின் எஃப்-16களும் நெதர்லாந்தின் எஃப்-35களும் எழும்ப, இத்தாலியின் கண்காணிப்பு விமானம் உதவ, சில ட்ரோன்கள் வீழ்த்தப்பட்டன. ஒட்டுபலகையும் நுரைப்பொருளும் கொண்டு மலிவாகச் செய்த பறக்கும் பொருளுக்கு எதிராக, பல இலட்சம் டாலர் ஏவுகணையைத் தாங்கிய, எண்பது மில்லியன் டாலரைத் தாண்டும் விமானம். ஓர் இரவுக்கு இது தகும். நூறு இரவுகளுக்குத் தகாது. போலந்தும் எஸ்தோனியாவும் அடுத்தடுத்து நேட்டோ ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவின் கீழ்க் கலந்தாலோசனை கேட்டன, நேட்டோ கிழக்கு எல்லைக் காவலை வலுப்படுத்தியது, நுழைந்தால் சுட்டு வீழ்த்துங்கள் என்ற குரல்களும் பெருகின.

அந்தக் குரல்களோடு என்னால் முழுமையாக உடன்பட முடியவில்லை. ட்ரோனில் மனிதர் இல்லை. அதைச் சுடுவதில் தயங்குவதற்கு ஒன்றுமில்லை, லித்துவேனிய நாடாளுமன்றம் அதே செப்டம்பரில் தன் இராணுவத்துக்கு அந்த அதிகாரத்தை வழங்கியது சரியே. மனிதர் ஓட்டும் விமானத்தின் நிலை வேறு. அதன் பாதை, வேகம், ஆயுதம், நோக்கம் ஆகியவற்றை எடைபோட்டு முடிவெடுக்க வேண்டியவர் கண்ணாடிக் கூண்டுக்குள் அமர்ந்திருக்கும் ஓர் இத்தாலிய விமானி. அவருக்கு ஊடெமின் உத்தரவும் உண்டு, ரோம் விதித்த வரம்புகளும் உண்டு. 12 நிமிடங்களில் அவர் சுடாமல் திரும்பியதைக் கோழைத்தனம் என்று எழுதியவர்கள், அன்று அவர் சுட்டிருந்தால் பதின்மூன்றாம் நிமிடத்தில் எந்த நாட்டு அரசு யாரிடம் என்ன பேசியிருக்கும் என்பதை எழுதவில்லை.