ஹோட்டலில் பேரிடர்: எல்லாம் போன படமும் எதுவும் போகாத படமும்

[திரை: நீச்சல் குளம். ஆளில்லாத சாய்வு நாற்காலிகள். சத்தம் இல்லை.]

பேரிடர் படம் எடுக்கிறவர்களுக்கு ஹோட்டலைப் போல வசதியான இடம் கிடையாது. முன்பின் அறியாத நூறு பேர் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். ஊர் தெரியாது, பாஷை தெரியாது, பின்வாசல் எந்தப் பக்கம் என்றும் தெரியாது. அதோடு அவர்கள் காசு கொடுத்து வாங்கியிருப்பதே கவலையில்லாத நாலு நாளைத்தான். படுக்கையை விரிக்க ஆள் உண்டு, காலைச் சாப்பாடு தயாராக இருக்கும். ஆபத்து என்று ஒன்று வந்தால் அதையும் ஹோட்டல்காரர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு.

இந்த நினைப்பை உடைத்துப் பார்க்கும் இரண்டு படங்களை இன்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

[திரை: தாய்லாந்து வரைபடம். காவோ லக் கடற்கரை.]

முதலாவது, 2012-இல் வந்த 'தி இம்பாசிபிள்'. தாய்லாந்துக்கு விடுமுறைக்குப் போன ஒரு நிஜக் குடும்பத்துக்கு நடந்ததை வைத்து ஸ்பெயின் இயக்குநர் பயோனா எடுத்தது. கதை நடப்பது 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. 'சுனாமி' என்ற சொல் நம் வீடுகளுக்குள் நுழைந்த அதே காலை. நாகப்பட்டினத்தைத் தாக்கிய அலைகளும் காவோ லக்கைத் தாக்கிய அலைகளும் சுமத்ரா அருகே கடலடியில் ஒரே நிலநடுக்கத்தில் பிறந்தவை.

படத்தில் அலை வருவதற்கு முந்தைய சில நொடிகளைக் கவனியுங்கள். அப்பாவும் பையன்களும் குளத்தருகே சிவப்புப் பந்தை வைத்து விளையாடுகிறார்கள். அம்மா படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்திலிருந்து ஒரு தாள் பறந்து போய்க் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது. பறவைகள் கிளம்பிவிட்டன. என்னவோ சரியில்லை என்று நமக்குத் தெரிகிறது, அவர்களுக்குப் புரியவில்லை. அப்புறம் தென்னைகள் சாயத் தொடங்குகின்றன. அதற்குள் நேரம் போய்விட்டது.

அந்தத் தண்ணீர் பெரும்பாலும் நிஜத் தண்ணீர். ஸ்பெயினின் அலிகாந்தேயில் ஒரு பெரிய தொட்டியில் அம்மாவாக நடித்த நயோமி வாட்ஸும், மூத்த பையனாகத் தன் முதல் படத்தில் நடிக்க வந்திருந்த டாம் ஹாலண்டும் வாரக்கணக்கில் ஊறியிருக்கிறார்கள். ரிசார்ட்டின் சிறு மாதிரியைக் கட்டி அதன்மேல் தண்ணீரைத் திறந்துவிட்டும் படம்பிடித்தார்கள். நிஜக் குடும்பம் தங்கியிருந்த அதே ரிசார்ட்டிலும் படப்பிடிப்பு நடந்தது.

எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. தாய்லாந்தில் மட்டும் ஐயாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். படத்திலோ உள்ளூர்க்காரர்கள் தூக்கிவிட, துடைத்துவிட, சட்டை போட்டுவிட வந்துபோகிறார்கள், அவ்வளவுதான். அடிபட்டுக் கிடக்கும் நாயகிக்கு ஒரு பெண் உடுத்திவிடுகிறாளே, அவள் வீடு என்ன ஆயிற்று? படம் கேட்கவே இல்லை. கடைசியில் காப்பீட்டு நிறுவனத்தின் தனி விமானம் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பறந்துவிடுகிறது.

[திரை: பனிமலை. மரத்தாலான பெரிய ஹோட்டல். தூரத்தில் 'டும்' என்று ஒரு வெடிச்சத்தம்.]

சரி, இப்போது இரண்டாவது. 2014-இல் வந்த ஸ்வீடன் படம், 'ஃபோர்ஸ் மஜூர்'. இயக்குநர் ரூபன் ஓஸ்ட்லுண்ட். பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு ஹோட்டல். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள்.

அந்த வெடிச்சத்தம் என்ன? மலைச்சரிவில் பனி சேர்ந்துகொண்டே போனால் ஒருநாள் மொத்தமாகக் கீழே வந்துவிடும். அதனால் கொஞ்சமாகச் சேரும்போதே வெடிவைத்து இறக்கிவிடுகிறார்கள். பெரிய ஆபத்தைச் சில்லறையாக மாற்றிக் கொடுத்துத் தீர்க்கிற வேலை.

மொட்டைமாடி உணவகத்தில் மதியச் சாப்பாடு. எதிர் மலையில் பனி சரிகிறது. 'வேண்டுமென்றே இறக்குகிறார்கள்' என்று அப்பா சொல்லிவிட்டு போனில் படம்பிடிக்கிறார். பனி நெருங்குகிறது. இன்னும் நெருங்குகிறது. மகன் 'அப்பா' என்று அலறுகிறான். அப்பா போனையும் கையுறையையும் எடுத்துக்கொண்டு ஓட்டம் பிடிக்கிறார். அம்மா பிள்ளைகளை அணைத்துக்கொண்டு குனிகிறாள். திரை முழுக்க வெள்ளை.

கேமரா இம்மி அசையவில்லை. மெல்ல வெள்ளை விலகுகிறது. வந்து சேர்ந்தது பனிப்புகை மட்டும். கனமான பனி முன்னாலேயே நின்றுவிட்டது. ஒருவருக்கும் கீறல் இல்லை. ஆட்கள் சிரித்தபடி மேசைக்குத் திரும்புகிறார்கள். அப்பாவும் வந்து உட்காருகிறார்.

பேரிடர் இதோடு முடிந்தது, படம் இங்கேதான் தொடங்குகிறது. 'நான் ஓடவே இல்லை' என்று சாதிக்கிறார் அப்பா. பனிச்சறுக்கு பூட்ஸ் போட்டுக்கொண்டு யாரால் ஓட முடியும் என்று வாதம் வேறு. கடைசியில் அவரைக் காட்டிக்கொடுப்பது அவர் தூக்கிக்கொண்டு ஓடிய போன். அதில் வீடியோ ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது!

இந்தச் சண்டை வீட்டில் நடந்திருந்தால் ஒருவர் சமையலறைக்குப் போயிருப்பார், இன்னொருவர் மாடிக்கு. ஹோட்டலில் அதற்கு எங்கே போவது? அறைக்குள் பிள்ளைகள். அதனால் புருஷனும் பெண்டாட்டியும் இரவு உடையில் நடைபாதைக்கு வந்து அடிக்குரலில் சண்டை போடுகிறார்கள். எதிர்ப்பக்கம் துப்புரவு ஊழியர் ஒருவர் சிகரெட்டோடு நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார். படம் முழுக்க எனக்குப் பிடித்த ஆள் அவர்தான்.

ஓடினவரை நாம் திட்டிவிடலாம். ஆனால் 2012-இல் உப்சாலா பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் இருவர் 18 கப்பல் விபத்துகளை ஆராய்ந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் முதலில் என்ற மரபு டைட்டானிக்கில் நடந்தது, மற்ற பெரும்பாலான விபத்துகளில் இல்லை. மொத்தத்தில் ஆண்களே அதிகம் பிழைத்தார்கள். கப்பல் ஊழியர்கள் பயணிகளைவிட அதிகமாகப் பிழைத்தார்கள்.

[திரை: இரண்டு படங்களின் குளம், மொட்டைமாடி, அருகருகே.]

இன்னொரு விஷயம். 2004 சுனாமி ஸ்வீடனிலிருந்து 543 உயிர்களைக் கொண்டுபோனது. அவர்களில் பெரும்பாலோர் காவோ லக் பகுதியில் விடுமுறைக்கு வந்திருந்தவர்கள். ஹோட்டல், விடுமுறை, குடும்பம், பாய்ந்துவரும் வெள்ளைச் சுவர். பத்து வருஷம் கழித்து ஸ்டாக்ஹோம் தியேட்டரில் இந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு எது நினைவுக்கு வந்திருக்கும்?

'ஃபோர்ஸ் மஜூர்' என்பது ஒப்பந்தங்களில் வரும் பிரெஞ்சுச் சொல். மனித சக்திக்கு மிஞ்சியது நடந்தால் ஒப்பந்தத்தில் சொன்னதைச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை என்று அர்த்தம். அந்த ஷரத்தைத்தான் அப்பா தன் கல்யாணத்துக்கும் பொருத்திப் பார்க்கிறார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

[திரை: வளைந்து இறங்கும் மலைப்பாதை. ஒரு பேருந்து.]

விடுமுறை முடிந்து பேருந்தில் இறங்குகிறார்கள். ஓட்டுநர் வளைவுகளில் தடுமாறுகிறார். 'கதவைத் திற' என்று கத்திக்கொண்டு முதலில் கீழே குதிப்பது அம்மா. பிள்ளைகள் இன்னும் வண்டிக்குள்.