வளர்த்து அனுப்பும் வீடு

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, இளைய நண்பர்களே, வணக்கம்.

கென்யாவில், நைரோபி தேசியப் பூங்காவுக்குள் ஷெல்ட்ரிக் அறக்கட்டளையின் யானைக்குட்டிக் காப்பகம் இருக்கிறது. பொதுமக்களுக்குக் காலை 11 மணியிலிருந்து 12 மணி வரைதான் அனுமதி. என் பக்கத்தில் நின்றவர், "இந்த ஒரு மணி நேரத்துக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று அலுத்துக்கொண்டார். எனக்கோ அந்தக் கெடுபிடி பிடித்திருந்தது. மீதி நேரமெல்லாம் குட்டிகளுடையது.

கயிறு கட்டிய எல்லைக்கு இப்பால் நாம் நிற்கிறோம். புதர்க்காட்டிலிருந்து குட்டிகள் காதை விரித்துக்கொண்டு ஓடிவருகின்றன. பால் புட்டியைத் துதிக்கையால் தானே பிடித்துக் குடிக்கிறது ஒன்று. இன்னொன்று தன் பங்கை முடித்துவிட்டு அடுத்ததன் புட்டிக்குக் குறிவைக்கிறது. பச்சை அங்கி அணிந்த பராமரிப்பாளர்கள் கையில் அங்குசம் கிடையாது. குட்டியின் காலில் சங்கிலியும் கிடையாது. மிகச் சிறிய குட்டிகளுக்கு ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, அதன் கீழே புட்டியை நீட்டுவார்கள். தாயின் வயிற்றில் துதிக்கையைச் சாய்த்துப் பால் குடிக்கிற பிராணி அல்லவா? சாய்ந்துகொள்ள ஏதாவது வேண்டும்.

அந்தப் பாலுக்கே ஒரு கதை உண்டு. பசும்பாலின் கொழுப்பு யானைக்குட்டிக்குச் செரிக்காது. பிறந்து சில நாட்களே ஆன குட்டிகள் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தன. டாஃப்னி ஷெல்ட்ரிக் என்ற பெண்மணி 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்து, கடைசியில் தேங்காய் எண்ணெயில் விடை கண்டார். நாம் தலையிலும் தாளிப்பிலும் விடுகிற அதே எண்ணெய்தான்.

அந்தப் பாலில் பிழைத்த பச்சிளங்குட்டி ஆயிஷா. டாஃப்னியை ஒரு நொடியும் பிரியாமல் வளர்ந்தது. மகளின் திருமணத்துக்காக அவர் சில நாட்கள் வெளியே போக வேண்டி வந்தது. ஆயிஷா பாலைத் தொடவில்லை. அவர் திரும்பி வந்த பிறகும் அது பிழைக்கவில்லை. பசியைத் தீர்க்க மருந்து கண்டவருக்குப் பிரிவுக்கு மருந்து தெரியவில்லை.

இன்றைய காப்பகத்தின் ஒழுங்கு அந்தச் சாவிலிருந்து பிறந்தது. இரவில் குட்டியின் கொட்டகையிலேயே பராமரிப்பாளர் படுத்துக்கொள்கிறார்; சுமார் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பால் கொடுக்கிறார். ஆனால் ஆள் மாறிக்கொண்டே இருப்பார். ஒருவரிடமே ஒட்டிக்கொள்ள விடுவதில்லை. பாசத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கிற இந்தக் கண்டிப்பைத்தான் நான் அங்கே மிகவும் மெச்சினேன். பிராணிகளைக் கொஞ்சுவதற்கு ஆள் பஞ்சமே இல்லை. கொஞ்சல் எங்கே நிற்க வேண்டும் என்று அறிந்தவர்கள்தாம் அரிது.

இந்தக் குட்டிகள் ஏன் அநாதையாகின்றன? தந்தத்துக்காகத் தாயைக் கொல்கிறார்கள். வறட்சி கொல்கிறது. சில குட்டிகள் கிணற்றில் விழுந்து கூட்டத்தைப் பிரிகின்றன. இதே நைரோபி பூங்காவில்தான் 1989-இல் 12 டன் தந்தத்தைக் கென்ய அரசு எரித்தது. 2016-இல் 105 டன்னை எரித்தது. விற்றால் காசாகுமே என்று இன்றும் சிலர் வாதிடுகிறார்கள். அந்தக் காசு அடுத்த குட்டியின் தாயைக் கொன்றுதான் வரும்.

சுமார் மூன்று வயதில் குட்டிகளை நைரோபியிலிருந்து அனுப்பிவிடுகிறார்கள். சாவோ என்ற பெரிய காட்டுப் பகுதியில் உள்ள வோய், இதும்பா போன்ற இடங்களில் காட்டு யானைகளோடு பழகி, பல ஆண்டுகள் கழித்து, எப்போது வேண்டுமோ அப்போது அவையே பிரிந்து போகின்றன. தேதி குறிப்பது யானை! பிறகு சில பெண் யானைகள் தாங்கள் ஈன்ற குட்டியைக் கூட்டிக்கொண்டு பழைய பராமரிப்பாளர்களைப் பார்க்க வருவதுண்டு. வந்து, பார்த்துவிட்டு, காட்டுக்கே திரும்பிவிடும்.

போக நினைக்கிறவர்கள் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம். சேற்றில் புரண்ட குட்டி கயிற்றோரமாக உரசிக்கொண்டு போகும். அதற்கு உங்கள் சட்டையும் மரமும் ஒன்றுதான்.